மஞ்சள் தாளும் வெள்ளைத் தாளும்

சுங்கவரி என்பது வாணிபம் செய்வோருக்கு உரிய தலைவலி என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். விற்பதற்காகச் சரக்கைக் கொண்டு போகிறவன் வரி கட்டுகிறான், அது நியாயம். வேலை செய்வதற்காகத் தன் கருவியை எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் அதையே திரும்பக் கொண்டு வருகிறவனுக்கும் சுங்கத்துக்கும் என்ன உறவு? இந்தக் கேள்விக்கு விடை எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, டில்லி விமான நிலையத்துச் சுங்க அதிகாரியின் மேசைமுன் நின்றபோது கிடைத்தது. கொஞ்சம் விலை கொடுத்துத்தான் கிடைத்தது. நம் சங்கத்து நண்பர்களில் பலர் கருவியும் பெட்டியுமாக வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் போகிறவர்கள். அவர்களாவது அந்த விலையைக் கொடுக்காமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் எதைக் கொண்டு போனோம், ஏன் கொண்டு போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெயிலின் வலிமையை அளக்கும் கதிர்மானி ஒன்று இருக்கிறது. பைர்ஹீலியோமீட்டர் என்பது அதன் பெயர். சூரியனை நேராக நோக்கும் ஒரு குழாய். அதன் அடியில் கறுப்புப் பூசிய சிறு குழி. வெயில் அக்குழியில் விழுந்து அதைச் சூடாக்குகிறது. பிறகு மூடியைச் சாத்திவிட்டு, அதே சூட்டை மின்சாரத்தால் உண்டாக்குகிறோம். எத்தனை வாட் மின்சாரம் செலவாயிற்றோ அத்தனை வாட் வெயில் விழுந்தது என்று கணக்கு. எளிய தத்துவந்தான். ஆனால் நம் கருவி சொல்லும் வாட்டும் உலகத்தார் சொல்லும் வாட்டும் ஒன்றுதானா என்று எப்படித் தெரியும்? கடைக்காரரின் எடைக்கற்களை அரசாங்கம் அவ்வப்போது சோதித்து முத்திரையிடுகிறது அல்லவா? அதுபோலக் கதிர்மானிகளைச் சோதிக்கும் இடம் சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்னும் மலையூரில் உள்ள உலகக் கதிர்வீச்சு மையம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே ஒரு சிறு கருவிக் கூட்டத்தை மூலப்படியாக வைத்துக் காத்து வருகிறார்கள். மூலப்படியை நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. ஆகவே நாடுகள் தம் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகின்றன. 1959 முதல் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்த ஒப்பீடு நடைபெறுகிறது. 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் நடந்தது. அதற்கு அடுத்தது 2025 இலையுதிர் காலத்தில். சில வார காலம் எல்லாக் கருவிகளும் ஒரே வெயிலை ஒரே நேரத்தில் நோக்கி நிற்கும். அந்த வெயிலைத் தவறவிட்டால் மறுபடி ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

ஆக, எங்கள் கருவி சுவிட்சர்லாந்துக்குள் போக வேண்டும். சில வாரங்களில் வெளியே வர வேண்டும். பிறகு இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். இந்த மூன்று வாசலிலும் ஒருவர் நின்று, 'இதற்கு வரி கட்டு' என்று கேட்க உரிமையுண்டு. சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதல் தொழிற்சாலைப் பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வையை எடுத்துவிட்டது, ஆயினும் 8.1 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி இருக்கிறது. அதைவிட வேடிக்கை நம் சொந்த வாசலில். இந்தியாவிலிருந்து போன கருவிதான் இது என்று மெய்ப்பிக்க முடியாவிட்டால், நம்முடைய பொருளுக்கே நாம் இறக்குமதி வரி கட்ட நேரும். கருவியின் விலையோ எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஓராண்டுச் செலவுக்கு ஒப்பானது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உலக நாடுகள் கண்ட வழியைச் சொல்கிறேன்; அது அழகான வழி. 1956இல் வாணிப மாதிரிப் பொருள்களுக்காக ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1961 ஜூனில் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொழிற்கருவிகளைத் தற்காலிகமாக வரியின்றி அனுமதிக்கும் ஒப்பந்தம் உருவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாவகைத் தற்காலிக இறக்குமதிக்கும் பயன்படும் ஒரே புத்தகத்தை ஏற்படுத்தும் ஒப்பந்தம் பிறந்தது. அந்தப் புத்தகத்துக்கு 'அட்டா கார்னே' என்று பெயர். தற்காலிக அனுமதி என்பதைப் பிரெஞ்சில் 'அட்மிஸியோன் டாம்போரேர்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டெம்பரரி அட்மிஷன்'. இரு மொழிச் சொற்களின் முதலெழுத்துகளையும் பிணைத்து, நடுவெழுத்தை இரண்டுக்கும் பொதுவாக்கி, யாருக்கும் மனக்குறையில்லாமல் பெயர் வைத்துவிட்டார்கள். 1990இல் இஸ்தான்புல்லில் கையெழுத்தான மற்றோர் ஒப்பந்தம் பழைய ஒப்பந்தங்களையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தது. அதன் இணைப்புகளில் ஒன்று கண்காட்சிப் பொருள்களுக்கு, ஒன்று தொழிற்கருவிகளுக்கு, ஒன்று கல்வி, அறிவியல், பண்பாட்டுப் பொருள்களுக்கு. ஒரு நாடு எல்லா இணைப்புகளையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. சீனா தொடக்கத்தில் கண்காட்சிப் பொருள்களுக்கு மட்டும் கார்னேயை ஏற்றது. தொழிற்கருவிகளுக்கு 2019 ஜனவரியில்தான் கதவைத் திறந்தது. ஆகவே போகும் நாடு எந்த இணைப்பை ஏற்றிருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை.

இதில் பிணை எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் ஊரில் ஒருவர் அயலூர்க் கடைக்காரரிடம் கடன் கேட்கிறார் என்று வையுங்கள். கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. ஆனால் தம் ஊரிலுள்ள தம் சம்பந்தியைத் தெரியும். அந்தச் சம்பந்திக்கு நம் ஊரிலுள்ள பெரியவரைத் தெரியும். பெரியவருக்கு நம்மவரைத் தெரியும். நம்மவர் கடனைத் திருப்பாவிட்டால் சம்பந்தி கொடுக்க வேண்டும். சம்பந்தி பெரியவரிடம் வாங்கிக்கொள்வார். பெரியவர் நம்மவரிடம் முன்பே ஈடு வாங்கி வைத்திருக்கிறார். இதே முறைதான். சுவிஸ் சுங்கத்துக்கு எங்களைத் தெரியாது. சுவிஸ் வணிக மன்றத்தைத் தெரியும். அந்த மன்றத்துக்கு இந்தியாவில் கார்னே வழங்கும் ஃபிக்கி என்னும் வணிக மன்றக் கூட்டமைப்பைத் தெரியும். ஃபிக்கியோ பொருளின் மதிப்பையும் போகும் நாட்டையும் பார்த்து எங்களிடம் ஈடு பெற்றுக்கொண்டது. இந்தச் சங்கிலியை மேற்பார்ப்பது பாரிஸில் உள்ள அனைத்துலக வணிக மன்றம். ஓர் அயல்நாட்டு மேசையில் ஒரு ரூபாய் கூடக் கட்டாமல் கருவி உள்ளே போவது இந்தச் சங்கிலியின் பலத்தால்தான். கருவி திரும்பாவிட்டால் வரியும் அதற்குமேல் 10 விழுக்காடு வரையும் கேட்க அந்த நாட்டுச் சுங்கத்துக்கு உரிமை உண்டு.

புத்தகத்தைப் பார்ப்போம். பச்சை அட்டை. உள்ளே மஞ்சள் தாள்கள் சொந்த நாட்டுக்கு. ஒன்று புறப்படும்போது, ஒன்று திரும்பும்போது. வெள்ளைத் தாள்கள் போகும் நாட்டுக்கு. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. நீலத் தாள்கள் இடையில் கடந்து செல்லும் நாட்டுக்கு. ஒவ்வொரு தாளிலும் கிழித்தெடுக்கும் பகுதி ஒன்று, புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டை ஒன்று. அதிகாரி தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரையிடுவார். எத்தனை எல்லைகளைக் கடக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எண்ணி அத்தனை தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். புத்தகத்தின் ஆயுள் அதிகமாகப் போனால் ஓராண்டு.

அட்டைக்குப் பின்னால் இருப்பது பொதுப்பட்டியல். வரிசை எண், பொருளின் பெயரும் அதன் மீதுள்ள குறியெண்களும், எத்தனை உருப்படி, எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பத்தி பத்தியாக நிரப்ப வேண்டும். இதுதான் புத்தகத்தின் உயிர். பட்டியலைத் தட்டச்சு செய்யும் பொறுப்பை எங்கள் பேராசிரியர் என்னிடம் கொடுத்தார். முதுநிலை மாணவர்களிலே நான்தான் கையெழுத்தும் கணக்கும் ஒழுங்காக வைத்திருப்பவன் என்ற நற்பெயர் எனக்கு அப்போது இருந்தது.

பட்டியலில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. போய்த் திரும்புவது மட்டுமே சேரும். அங்கே செலவாகித் தீர்வது சேராது. கதிர்மானியின் உள்ளே ஈரம் புகாமல் வைக்கும் சிலிகா ஜெல் பொட்டலங்களையும் துடைக்கும் சாராயத்தையும் நான் முதற்படியில் எழுதிவிட்டேன். ஃபிக்கி அலுவலகத்து அம்மையார் சிரித்துக்கொண்டே அவற்றை அடித்தார். 'தம்பி, சாராயம் அங்கேயே ஆவியாகிப் போனால் எதைத் திருப்பிக் காட்டுவாய்?' என்றார் இந்தியில். அதுபோல, தொழிற்கருவி என்றால் எதுவும் ஆகலாம் என்றும் நினைக்க வேண்டாம். அந்த நாட்டில் சரக்கு உற்பத்தி செய்யும் எந்திரமும், மண் தோண்டும், கட்டடம் கட்டும் எந்திரமும் இந்தச் சலுகைக்குள் வாரா. கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு விலக்குண்டு. பெட்டியைப் பற்றியும் ஒரு சொல்: பச்சை மரத்தில் செய்த பெட்டியானால் அது பூச்சி போகச் சூடேற்றப்பட்டது என்னும் முத்திரை அதன்மேல் இருக்க வேண்டும். ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்களுடையது ஒட்டுப்பலகை.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். விமானம் நள்ளிரவு தாண்டி. ஆய்வுக்கூடத்து அண்ணன் ஒருவரும் நானும் மாலை 7 மணிக்கே போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மதுரைக்காரர், ஆய்வுப் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர். அவருடைய ஆய்வேட்டில் உள்ள எண்கள் அத்தனையும் இந்தக் கருவியில் எடுத்தவை. ஒப்பீடு நடந்து திருத்தக்காரணி கிடைத்தால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு. பெட்டிகளை விமானக்காரர்களிடம் ஒப்படைக்குமுன் சுங்கத்திடம் காட்ட வேண்டும் என்பது விதி. ஒப்படைத்தபின் காட்டப் பெட்டி ஏது? அதை மட்டும் சரியாகத்தான் செய்தோம்.

அதிகாரி நடுத்தர வயதினர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு உருப்படியாக எடுத்துக் குறியெண்ணைத் தாளோடு ஒத்துப் பார்த்தார். சூரியனைத் தொடரும் எந்திரம், சரி. மின்னணுப் பெட்டி, சரி. மூன்றாவது, கதிர்மானியின் தலைப்பகுதி. தகட்டில் இருந்தது 1147. தாளில் இருந்தது 1174. அவர் இருமுறை பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார்.

'இந்தத் தாளில் இருக்கும் கருவி இது அல்ல' என்றார் அதிகாரி. கடுமையாகச் சொல்லவில்லை. 'நான் முத்திரை போட்டால் நீங்கள் போய்விடலாம். அங்கே அவர்கள் கண்டுபிடித்தால் உள்ளே விட மாட்டார்கள். அங்கே கண்டுபிடிக்காமல், திரும்பும்போது இங்கே வேறொருவர் கண்டுபிடித்தால், 1174 போயிற்று, 1147 வந்திருக்கிறது என்று எழுதுவார். அப்போது 1147க்கு வரி கட்டுவீர்கள். 1174 எங்கே என்றும் சொல்வீர்கள்.' பேனாவால் ஓர் எண்ணைத் திருத்திவிட்டால் போதாதா என்று நான் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வழங்கப்பட்ட பட்டியலில் பொருளைச் சேர்க்க யாருக்கும் உரிமை இல்லை. எழுத்தைத் திருத்துவதானால் வழங்கிய அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அந்த அமைப்பின் கதவு திங்கட்கிழமைதான் திறக்கும். தலைப்பகுதியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கொண்டு போகலாம் என்றார் அதிகாரி. புத்தகத்தில் உள்ளவற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் செல்லச் சட்டம் இடங்கொடுக்கிறது. தலை இல்லாத கதிர்மானியை வைத்துக்கொண்டு டாவோஸில் என்ன செய்வது?

பெட்டிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு விடுதிக்கு வந்தோம். வழியில் அண்ணன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடுதி வாசலில் இறங்கும்போது மட்டும், 'சாப்பிட்டாயா?' என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திங்கள் காலை திருத்தமும் முத்திரையும் பெற்று, அன்றிரவே வேறு பயணச்சீட்டில் புறப்பட்டோம். ஒப்பீடு தொடங்குமுன் போய்ச் சேர வேண்டியவர்கள் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தோம். புதிய பயணச்சீட்டின் விலை ஆய்வு நிதியில் விழுந்தது. பேராசிரியர் அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை.

ஜூரிச் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உடையோர் செல்லும் சிவப்பு வழியில் சென்றோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. அதிகாரி வெள்ளைத் தாளைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் ஒரு தேதியை எழுதினார். எத்தேதிக்குள் பொருள் வெளியேற வேண்டும் என்பது அது. புத்தகத்தின் ஆயுள் ஓராண்டு இருந்தாலும், அந்த நாடு அதற்கு முந்திய தேதியைக் குறிக்கலாம். குறித்தால் அதுவே கணக்கு. அட்டையிலுள்ள தேதியை நம்பி இருந்துவிடுவோர் உண்டு.

டாவோஸில் நான் கேட்ட கதை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முன்பொரு முறை வேறோர் ஆய்வுக்குழுவினர் வேலை முடிந்ததும் பெட்டிகளோடு ரயிலேறி ஜெர்மனிக்குப் போய், பிராங்க்பர்ட்டிலிருந்து ஊர் திரும்பினார்களாம். எல்லையில் யாரும் அவர்களை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பது சிந்திக்கத் தக்கது. சுவிட்சர்லாந்து 2008 முதல் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. ஆகவே மனிதருக்கு அங்கே வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கக் கூட்டில் அது இல்லை. ஆகவே பொருளுக்கு எல்லை உண்டு. மனிதனுக்கு இல்லாத எல்லை அவன் கையிலுள்ள பெட்டிக்கு இருக்கிறது! பாசல் நகரில் இது இன்னும் விந்தையாக இருக்கும். அங்குள்ள பாடிஷர் ரயில்நிலையம் நிற்பது சுவிஸ் மண்ணில். நடத்துவது ஜெர்மன் ரயில்வே. அந்நகரின் விமான நிலையமோ பிரெஞ்சு மண்ணில். 1949ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அதில் சுவிஸ் பகுதி தனி, பிரெஞ்சுப் பகுதி தனி. தவறான கதவு வழியாக வெளியே வந்தால் தவறான நாட்டுக்குள் பெட்டியோடு நிற்போம்.

அந்தக் குழுவினரின் வெளியேறும் வெள்ளைத் தாள் கிழிக்கப்படாமலே ஊர் வந்து சேர்ந்தது. பல மாதம் கழித்து, எல்லோரும் மறந்திருந்த வேளையில், கடிதம் வந்தது: உங்கள் கருவி எங்கள் நாட்டிலேயே இருக்கிறது, வரி கட்டுங்கள் என்று. புத்தகத்தின் ஆயுள் முடிந்து ஓராண்டு வரை இப்படிக் கேட்கலாம். கேட்டபின் சான்று காட்ட ஆறு மாத தவணை உண்டு. அவர்களைக் காப்பாற்றியது மஞ்சள் தாள். இந்தியாவில் இறங்கியபோது மறு இறக்குமதி முத்திரையை மட்டும் ஒழுங்காக வாங்கியிருந்தார்கள். பொருள் வேறொரு நாட்டில் நுழைந்ததாக அந்நாட்டுச் சுங்கம் இட்ட முத்திரை, அது முன்னைய நாட்டைவிட்டு வெளியேறியதற்குச் சான்றாக ஏற்கப்படும். ஒரு சிறு கட்டணத்தோடு தப்பினார்கள். நடுவிலே ஜெர்மனிக்குள் அந்தப் பெட்டி எந்த ஏட்டிலும் பதியாமல் கடந்து போனது தனிக் குற்றம். அது பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை சொன்னவர் சொல்லவில்லை.

இதே தொல்லையை 2021 ஜனவரி 1க்குப் பின் பிரிட்டிஷ் இசைக்குழுக்கள் பெரிய அளவில் அனுபவித்தன. அதுவரை லண்டனிலிருந்து பாரிசுக்கு ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர்கள், பிரிட்டன் சுங்கக் கூட்டைவிட்டு விலகியதும், பட்டியல் போட்டுக் கார்னே எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். நமக்கு அருகிலோ இதற்கு நேர்மாறான காட்சி. நேபாளத்துக்குப் போக நமக்குக் கடவுச்சீட்டே வேண்டாம். ஆனால் அந்த நாடு கார்னேச் சங்கிலியில் இல்லை. அங்கே கருவி கொண்டு போகிறவர் அந்நாட்டுச் சுங்கத்திடமே ஈடு வைத்தோ பத்திரம் எழுதிக் கொடுத்தோதான் போக வேண்டும். அத்தகைய நாடுகளுக்குப் போகும்போது, புறப்படுமுன் நம் விமான நிலையச் சுங்கத்தில் கருவியைக் காட்டி ஏற்றுமதிச் சான்று ஒன்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது நம் வாசலில் அது காக்கும். மாறாக, வெளிநாட்டார் வரி கட்டி இந்தியாவுக்குள் கருவி கொண்டு வந்து திருப்பி எடுத்துச் சென்றால், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி கட்டிய வரியில் 98 விழுக்காடு வரை திரும்பப் பெறலாம். பயன்படுத்திய பொருளானால் நாள் ஆக ஆக அது குறையும். கையில் முதலில் கட்டப் பணம் உள்ளவருக்கு ஏற்ற வழி.

நாங்கள் திரும்பும்போது விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே ஜூரிச் சுங்க அலுவலகத்தின் வாசலில் இருந்தோம். வெளியேறும் வெள்ளைத் தாளைக் கிழித்துக்கொண்ட பெண் அதிகாரி தலைப்பகுதியை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்து, 'நீயே எண்ணைப் படி' என்றார். படித்தேன். டில்லியில் இறங்கியதும் மறு இறக்குமதி மஞ்சள் தாளில் முத்திரை. புத்தகத்தை ஃபிக்கியில் ஒப்படைத்தோம். ஈடு பின்னர் விடுவிக்கப்பட்டது.

ஒப்பீட்டின் முதல் நாள்களை இழந்தும், எஞ்சிய நாள்களின் அளவீடுகள் எங்களுக்குப் போதுமானவையாக அமைந்தன. அண்ணனுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை இப்போது நான்தான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். ஒவ்வொரு எண்ணையும் அவர் வாய்விட்டுப் படிக்க, நான் திருப்பிச் சொன்ன பிறகே எழுதுகிறேன். இவ்வாண்டு கருவியோடு வெளிநாடு செல்லும் நண்பர்கள் யாருக்கேனும் பொதுப்பட்டியலின் மாதிரி வேண்டுமானால், எங்கள் புத்தகத்தின் படி ஒன்றைச் சங்க அறையின் அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் சிவப்பு மையில் திருத்தமும், அதன்மேல் வட்ட முத்திரையும் இருக்கும்.